உருளை கழுவும் தொட்டி

விடிந்தும் விடியாத நேரத்தில் அச்சு உருளையை அவள் தனியாகவே இழுத்தாள். இருவர் தூக்க வேண்டிய இரும்பு. ஒரு முனையைத் தொட்டி விளிம்பில் சாய்த்து, மறுமுனையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, கரைப்பானுக்குள் மெல்ல இறக்கினாள். மை கரைந்து எழுந்த நெடி கண்ணைக் கரித்தது.

கூடப் பிடிக்கும் நாத்தனார் மஞ்சளேறிய கண்களோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கல்லீரல் வீக்கம். அது பரவும் என்று யாரோ கிளப்பிவிட்டதிலிருந்து அச்சகத்தில் இவள் பக்கம் ஒருவரும் வருவதில்லை. சாப்பிடும்போது பெஞ்சில் இவளைச் சுற்றி இடம் காலியாகக் கிடக்கும். பேச ஆளில்லாமல் உருளையிடமே, "திரும்புடி" என்பாள்.

அன்று முதலாளி ரசாயனம் படித்த ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்.

"புதுக் கரைப்பானைக் கம்ப்யூட்டர்ல சோதிச்சாச்சு. கல்லீரலை ஒண்ணும் செய்யாதாம். உன் நாத்தனாருக்கு வந்தது உங்க வீட்டு வியாதி. நாளையிலேருந்து நீயும் வர வேண்டாம். மத்தவங்களுக்கு ஒட்டிக்கும்," என்றார் இவளிடம்.

"கிருமி இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாருங்க. நான் சொன்னா யாரு கேக்கறாங்க?"

வந்தவள் தொட்டியை எட்டிப் பார்த்தாள். "பழசை வடிச்சிட்டுத்தானே புதுசை ஊத்தினீங்க?"

அங்கே நின்ற மை கலக்குபவர் சிரித்தார். "இங்க தொட்டிய வடிச்சு நான் பாத்ததே இல்லம்மா. குறைஞ்சா மேல ஊத்துவோம். முதலாளியோட சிக்கனம்."

வந்தவளின் முகம் மாறியது. "இதே ஜாதி ரசாயனங்க கல்லீரலை என்ன செஞ்சிருக்குன்னு வச்சுத்தான் கம்ப்யூட்டர் கணிக்கும். நான் புதுசை மட்டும்தான் அதுல போட்டேன். பழசும் புதுசும் சேர்ந்த கலவையைப் பத்தி கேக்கவே இல்ல."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்றார் முதலாளி.

"கேட்டதுக்கு மட்டும்தான் சொல்லிச்சு சார்."

மை கலக்குபவர் தன் கைகளைப் பார்த்தார். மையை இளக்க அவரும் அதே தொட்டியிலிருந்துதான் மொண்டுகொள்வார். போய் மெஷினை நிறுத்தினார். காகிதம் வெட்டுகிறவர்களும் ஒட்டுகிறவர்களும் ஒவ்வொருவராக வந்து இவள் பக்கத்தில் நின்றார்கள்.

"இந்தக் கலவையச் சோதிக்காம யாரும் கை வைக்க மாட்டோம். இவ வேலை போகக் கூடாது. ஆஸ்பத்திரிச் செலவையும் பேசணும்," என்றார் மை கலக்குபவர்.

"யாருய்யா உங்களுக்குத் தலைவன்?" என்றார் முதலாளி.

"தலைவலிதான் இருக்கு. எல்லாருக்கும்," என்றார் காகிதம் வெட்டுகிறவர்களில் ஒருவர்.

முதலாளி மாடியேறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"சாயங்காலம் உன் நாத்தனார்கூட யாரு இருக்கா?" என்று இவளிடம் கேட்டார் மை கலக்குபவர்.

"நான்தான். தினமும் நான்தான்."

"இன்னைக்கு என் வீட்டுக்காரி இருப்பா. நீ போய்த் தூங்கு."

"நாளைக்கு நாங்க," என்றார் வெட்டுகிறவர்.

மாடிக் கதவு திறக்கவில்லை. கீழே யாரும் கலையவுமில்லை.