மூட்டை மறைத்த விளக்கு

கிடங்கில் அவனுக்கு ஆராய்ச்சி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ஒரு குடை வாங்குவதென்றாலும் நாலு கடை ஏறி இறங்கி, கம்பியை வளைத்துப் பார்த்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடைசியில் மழைக்காலம் முடிந்த பிறகு வாங்கிக்கொண்டு வருகிற ஆள். மரச்சாமான் கடை ஒன்றுக்கு வேன் ஓட்டினான். கட்டில், பீரோ, மேசை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் வீடுவீடாக இறக்க வேண்டும். கூடவே சுமை தூக்க வருகிறவன் குண்டூசி. ஆறடி உயரம், கதவை அடைக்கிற உடம்பு. ஆனால் டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தாலே மயங்கி விழுந்துவிடுவான் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆராய்ச்சியின் மனைவிக்குத் திரைச்சீலை தைக்கிற பட்டறையில் வேலை கிடைத்தது. வேலை முடிந்து வெளியே வரும்போது இருட்டிவிடும். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடங்குகள் வரிசையாக நிற்கிற சாலை. பகலில் லாரிகள், சாயங்காலத்துக்கு மேல் கும்மிருட்டு. தெருவிளக்குக் கம்பங்கள் இருந்தன, விளக்குகள்தான் இல்லை. அந்த வழியில் சைக்கிளில் வரவேண்டும் என்றால் முன்னும் பின்னும் நல்ல விளக்கு வேண்டும்.

"இதை என்கிட்ட விடு," என்றான் அவன். "இருட்டுல சைக்கிள் கண்ணுக்குத் தெரியுமா தெரியாதான்னு வேன் ஓட்டுறவனைக் கேளு. தையக்காரிக்கு என்ன தெரியும்?"

"சரி ஐயா, நீங்களே பாருங்க. ஆனா அடுத்த மழைக்காலத்துக்குள்ள வாங்கிடுங்க," என்றாள் அவள்.

அவள் கேலி செய்தது அவனுக்கு உறைக்கவில்லை. அவனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். ஊரிலுள்ள சைக்கிள் கடைக்காரர்கள் எல்லாம் அவன் தலையைக் கண்டாலே உள்ளே ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போக ஆரம்பித்தார்கள். எத்தனை லூமென் வெளிச்சம் தரும், சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும், மழையில் நனைந்தால் என்ன ஆகும், மினுக்மினுக்கென்று அடிப்பது நல்லதா, நின்று எரிவது நல்லதா என்று துருவித் துருவிக் கேட்டான். கேட்டுக்கொண்டு வந்ததை எல்லாம் வேனில் குண்டூசியின் காதில் கொட்டினான்.

"எல்லாரும் வாங்குற ரவுண்டு லைட்டு இருக்கே, அது எதிர்ல வர்றவன் கண்ணுல குத்தும்டா. கண்ணு கூசினா அவன் நேரா சைக்கிள் மேலயே விடுவான். நல்ல லைட்டுன்னா அதோட வெளிச்சத்துக்கு மேல்பக்கம் ஒரு கோடு இருக்கணும், கத்தியால வெட்டின மாதிரி. அதுக்கு மேல வெளிச்சம் போகக் கூடாது. ரோட்டுல மட்டும் பாய் விரிச்ச மாதிரி விழணும்."

"அண்ணே, நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"நேத்து பின்விளக்கு சொன்னேன். ஒழுங்காக் கேளு."

கடைசியில் அப்படி ஒரு முன்விளக்கு கிடைத்தது. கடையில் தூசி படிந்து கிடந்தது. கையில் பிடித்துப் பார்த்தால் மங்கலாகத் தெரியும் என்பதால் வாங்குவார் இல்லை. ஊரிலேயே அந்த விளக்கு தன் மனைவியின் சைக்கிளில் மட்டும்தான் இருக்கிறது என்பதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை. பின்னால் போட, விடாமல் நின்று எரிகிற சிவப்பு விளக்கு ஒன்று. ஓட்டுநரின் பார்வைக்கு நேராக, உயரத்தில் இருக்கவேண்டும் என்று யோசித்து அதை இருக்கைக்குக் கீழே இருக்கிற தண்டில் இறுக்கினான்.

பொருத்தியதோடு விடவில்லை. மகளைச் சந்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்துவிட்டு, தெருக்கோடி வரைக்கும் போய் அங்கிருந்து திரும்பிப் பார்த்தான். குனிந்து பார்த்தான், சாய்ந்து பார்த்தான், வேனில் உட்கார்கிற மாதிரி காற்றில் உட்கார்ந்தும் பார்த்தான். சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. அக்கம்பக்கத்தார் சன்னலைத் திறந்து சிரித்தார்கள். மகளுக்கு மானம் போயிற்று.

வாசலில் நின்றிருந்த மனைவி அப்போது ஒன்று சொன்னாள். "பின்னாடி துணி மூட்டையை வச்சுட்டு ஒரு தடவை பாத்துடுங்களேன்." பட்டறையில் மிச்சமிருக்கும் திரைச்சீலைகளை ஓரம் மடித்துத் தைப்பதற்காக அவள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். கேரியரில் வைத்துக் கட்டினால் மூட்டை இருக்கை உயரத்துக்கு வரும்.

"நீ மெஷினைப் பாரு. விளக்கை நான் பாத்துக்கறேன்," என்றான் ஆராய்ச்சி. மகள் வாய்விட்டுச் சிரித்தாள். மனைவியும் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

அது நடந்து ரொம்ப நாள் ஆகவில்லை. ஒரு நாள் ஒரு பீரோவை மாடிப்படியில் திருப்ப முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். வாங்கிய வீட்டம்மா மேலே நின்று, சுவரில் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு, உங்கள் முதலாளிக்கு இப்போதே போன் போடுகிறேன் என்று பொரிந்து தள்ளினாள். வேலை முடிந்து கிளம்பும்போது மழை தூற ஆரம்பித்திருந்தது. அங்கே வாயை மூடிக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் வயிற்றுக்குள் புகைந்தது. வேனைச் சீக்கிரம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று கிடங்குச் சாலையில் திருப்பினான். மனைவி அந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள் என்றுதான் நினைத்திருந்தான். பட்டறையில் அவசர வேலை வந்து எல்லாரையும் நிறுத்திவைத்தது அவனுக்குத் தெரியாது.

வேன் வெளிச்சத்துக்குள் திடீரென்று கறுப்பாக ஒன்று முளைத்தது. கறுப்புப் பிளாஸ்டிக் போர்த்திய மூட்டை. அதற்கு மேலே ஒரு கறுப்பு மழைக்கோட்டு, அதன் கீழே நனைந்த சேலை ஓரம். அவன் ஸ்டியரிங்கை ஒடித்தான். பின்னால் காலியான இரும்புத் தள்ளுவண்டி உருண்டு போய் மோதிய சத்தத்தில் குண்டூசி ஐயோ என்று அலறினான். நூலிழையில் தப்பியது.

பயம் வந்த இடத்தில் அடுத்த நொடி கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. வேனை மெதுவாக்கி, குண்டூசியின் மடிமேலேயே சாய்ந்து, அவன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிக் கத்தினான்.

"சாகணும்னா வேற வண்டி கிடைக்கலையா? பின்னாடி ஒரு லைட்டு போட வக்கில்லை, சைக்கிள் கேக்குதா சைக்கிள்? ஒரு விளக்கு வாங்கிக் கொடுக்க உன் வீட்டுல ஆம்பளை இல்லையா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னான். வீட்டம்மாவிடம் சொல்ல முடியாமல் அங்கிருந்தே நாக்கு நுனியில் வைத்திருந்த வார்த்தை. அது ஒரு பெண்ணைப் பார்த்து எந்த மனுஷனும் சொல்லக் கூடாதது. சொல்லிவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தான். வயிற்றுப் புகைச்சல் கொஞ்சம் இறங்கியது போலவும் இருந்தது.

பிறகு பக்கக் கண்ணாடியைப் பார்த்தான்.

கண்ணாடிக்குள், ஈரச் சாலையின் மேல், பாய் விரித்த மாதிரி ஒரு வெளிச்சம் விழுந்திருந்தது. மேல்பக்கம் கத்தியால் வெட்டிய கோடு. அந்த வெளிச்சம் ஆடியது, ஒருபக்கமாகச் சரிந்தது, ஓரத்துப் புதரில் போய் விழுந்து அப்படியே கிடந்தது.

பார்த்த கணத்திலேயே தெரிந்துவிட்டது; யாரோ எவரோ என்று ஒரு கணம்கூட அவனால் தன்னை ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை.

"அண்ணே, அந்தம்மா விழுந்துட்டாங்க போல," என்றான் குண்டூசி திரும்பிப் பார்த்து. "நிறுத்துங்க, பாத்துட்டு வரேன்."

பிரேக்கின் மேல் கால் இருந்தது. அழுத்தவில்லை. ஏன் அழுத்தவில்லை என்று அப்புறம் அவன் தன்னையே எத்தனையோ முறை கேட்டுக்கொண்டான். பதில் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான். நிறுத்தினால் குண்டூசி இறங்கிப் போவான். மழைக்கோட்டுத் தொப்பியை விலக்கி அவள் முகத்தைப் பார்ப்பான். அவர்கள் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டவன், அக்கா என்று கூப்பிடுகிறவன். நாளைக் காலையில் கிடங்கு முழுக்கத் தெரிந்துவிடும். ஆராய்ச்சி ஆராய்ந்து மாட்டிய விளக்கு எரியவில்லை, கட்டிய மனைவியையே நடுரோட்டில் அந்த வார்த்தை சொல்லித் திட்டினான் என்று சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். அவள் மழையில் விழுந்து கிடக்கும்போது அவனுக்கு வந்த நினைப்பு இது.

கண்ணாடியில் வெளிச்சம் அசைந்தது. புதரிலிருந்து மேலே எழுந்து, மறுபடி சாலையில் நேராக விழுந்து நின்றது.

"எந்திரிச்சுட்டாங்க," என்றான் ஆராய்ச்சி. குரல் அவனுடையதாகவே இல்லை. "ஒண்ணும் ஆகலை. லேட்டாயிடுச்சு, போலாம்."

"பாவம் அண்ணே," என்றான் குண்டூசி.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் தோல் உரிந்து சிவந்திருந்தது. மகள் கீழே உட்கார்ந்து பஞ்சை நனைத்து ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?" என்று கேட்டான். ஒன்றும் தெரியாதவன் கேட்கிற மாதிரியே கேட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கிளம்பிவிட்டவனுக்கு அதுகூட வராதா என்ன?

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்த மாதிரி இருந்தது. "ஒரு வேன்காரன். இடிக்கிற மாதிரி வந்து, தப்பிச்சுப் போய், கண்ணாடியை இறக்கித் திட்டினான். பயத்துல சக்கரம் ரோட்டை விட்டு எறங்கிடுச்சு."

"அம்மாவை அசிங்கமாத் திட்டினானாம்பா," என்றாள் மகள். கண்ணில் தண்ணீர் நின்றது. "என்ன சொன்னான்னு கேட்டா அம்மா சொல்ல மாட்டேங்குறாங்க."

சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வெளியே வந்தது வேறு. "எவன் அவன்? வண்டி நம்பர் பாத்தியா? ரோடு என்ன அவன் அப்பன் வீட்டு சொத்தா? என் கையில மட்டும் கிடைச்சான்னா..."

"கிடைச்சா அடிப்பியாப்பா?"

"பின்னே? பல்லை உடைச்சு கையில கொடுத்துடுவேன்."

மகள் அவனைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. அங்கேயே, அந்தத் தரையிலேயே புதைந்துபோய்விட மாட்டோமா என்று இருந்தது. "நம்பர் எல்லாம் பாக்கலீங்க," என்றாள் மனைவி, மகள் கையிலிருந்த பஞ்சைத் தானே வாங்கிக்கொண்டு.

சைக்கிளைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தான். மூட்டை இன்னும் கேரியரில்தான் இருந்தது. பின்னால் போய் நின்று பார்த்தான்: கறுப்புப் பிளாஸ்டிக், அவ்வளவுதான். மூட்டைக்கும் இருக்கைக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவினான். விரல்கள் சிவப்பாகிவிட்டன. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இத்தனை நாளும் அவள் தினம் மறக்காமல் அதைப் போட்டிருக்கிறாள்; அது தினமும் ஒரு துணி மூட்டைக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டே வந்திருக்கிறது. எத்தனை லாரிகள் அவளை ஒட்டிப் போயிருக்கும்?

விளக்கைக் கழற்றி, கேரியரின் கடைசிக் கம்பியில், மூட்டை தொடாத இடத்தில் வைத்துக் கம்பியால் முறுக்கினான். முறுக்கத் தேவையில்லாத அளவுக்கு முறுக்கினான். உள்ளே போக மனமில்லை. யாருக்கும் தெரியாது, குண்டூசிக்கே தெரியாது, விளக்கையும் சரிசெய்தாயிற்று, இனிமேல் ஆபத்தும் இல்லை என்று மனம் ஒரு பக்கம் கணக்குப் போட்டது. இன்னொரு பக்கம் அந்தக் கணக்கைக் காறித் துப்பியது.

அவள் நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்து நின்றாள்.

"மூட்டை மறைச்சிருக்கு," என்றான், தலையைத் தூக்காமல். "நீ அன்னைக்கே சொன்னே. நான்தான் கேக்கலை. என் தப்புதான்." பாதி உண்மையைச் சொன்னதே பெரிய சுமையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. அதோடு முடிந்துவிடும் என்றுகூட அவனுக்கு ஓர் ஆசை வந்தது.

"ம்," என்றாள்.

உள்ளே மகள் தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள், மகளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக.

"பதினாலு வருஷமா கேக்குற குரல். இருட்டுன்னா தெரியாமப் போயிடுமா?"

அவன் கையிலிருந்த கம்பித்துண்டு கீழே விழுந்தது.

"திட்டினதுகூட விடுங்க. நான்னு தெரியாமத் திட்டிட்டீங்க. அந்த வார்த்தையை வேற எவளுக்காவது சொல்லியிருந்தாலும் தப்புதான், அது வேற. ஆனா நீங்க வாங்கிக் கொடுத்த லைட்டு ஊர்ல வேற யார்கிட்டயும் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான், காலு வலியோட வலியா முதல்ல வண்டியை நிமிர்த்தி, லைட்டை உங்க பக்கமாத் திருப்பிப் பிடிச்சேன். பாத்தா தெரிஞ்சிடும், திரும்பி வந்துடுவீங்கன்னு மழையில அங்கேயே நின்னுட்டிருந்தேன்."

அவன் குனிந்து கீழே விழுந்த கம்பித்துண்டைத் தேடினான்.

"ரொம்ப நேரம் நின்னேன்," என்றாள் அவள்.