பொங்கலுக்கு மறுநாள் எண்ணிய உண்ணி

மாடுகளின் மேல் உண்ணி எவ்வளவு இருக்கிறதென்று எண்ணி அனுப்பும்படி 1937-ல் மதுரையிலிருந்து உத்தரவு வந்தது. ஓடைக்கரைப்பட்டிப் பஞ்சாயத்து போர்டின் பிரசிடெண்ட் பட்டாபிராமன் அதற்குக் குறித்த நாள், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள்.

முந்தின நாள்தான் ஊரில் ஒரு மாடு பாக்கியில்லாமல் வாய்க்காலில் இறக்கி, வைக்கோலால் தேய்த்து, காதுமடல், மடியிடுக்கு என்று தேடித்தேடி உண்ணி பிடுங்கி, கொம்புக்கு வர்ணம் பூசியிருந்தார்கள். வருஷத்தில் மாட்டின் மேல் உண்ணி இல்லாத நாள் அது ஒன்றுதான்.

போர்டின் கால்நடைச் சிப்பந்தி இன்னாசிமுத்து சொல்லிப் பார்த்தான். "மூணு வாரம் போகட்டும் சார். இன்னிக்கு எண்ணினா ஒண்ணும் அகப்படாது."

"அகப்படலைன்னா நல்லதுதானேய்யா? பொங்கலுக்கு மாடெல்லாம் வீட்டுலேயே நிக்கும். எண்ண சௌகரியம்."

நாற்பது மாடுகளில் மூன்று உண்ணி அகப்பட்டது. 'தொல்லை இல்லை' என்று பட்டாபிராமன் கையெழுத்திட்டு அனுப்பினார். போர்டு ஆபீசுக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய தொட்டி, மாடு ஒரு முனையில் இறங்கி, மருந்துத் தண்ணீரில் நீந்தி, மறுமுனையில் ஏறுவதற்கானது. அதற்கு வந்த ஐந்து பீப்பாய் மருந்தையும் திருப்பி அனுப்பச் சொல்லி மாசியில் பதில் வந்தது.

அதே வாரம், வாடிப்பட்டி ஓட்டல்களுக்குப் பால் ஊற்றும் அன்னக்கொடியின் இரண்டு பசுக்களில் ஒன்று உண்ணிக் காய்ச்சலில் செத்தது. மிஞ்சிய மயிலைப் பசுவின் காது நிறைய உண்ணி. பீப்பாய்களை வண்டியில் ஏற்றிய காலையில் அவள் அந்தப் பசுவைக் கொண்டுவந்து வண்டிச் சக்கரத்தில் கட்டினாள்.

பிரசிடெண்டின் வில்வண்டி வந்து நின்றது. வண்டிக்காரன் காளைகளை அவிழ்த்து நிழலில் கட்டினான்.

"மாட்டை அவிழு. சர்க்கார் வண்டியை மறிக்கிறது குத்தம்" என்றார் பட்டாபிராமன்.

"எம்மாட்டுக்கு உண்ணியே இல்லைன்னு எழுதினீகளாமே சாமி. வந்து எண்ணுங்க. எம்புட்டுக் கெடக்குன்னு உங்க வாயால சொல்லுங்க."

"மதுரையில முடிவு பண்ணியாச்சு. என் கையில என்ன இருக்கு?"

"கையெழுத்துப் போட்டது யார் கை? ரத்தமா மோண்டு மூணாம் நாள் செத்துச்சு சாமி. அது குத்தமில்லையா?"

வண்டிக்காரன் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றினான்.

இன்னாசிமுத்து பிரசிடெண்டின் காளையிடம் போய் அதன் காதை மடக்கிக் காட்டினான். ஆமணக்கு விதை போல ஏழெட்டு, ரத்தம் குடித்து உப்பிக் கிடந்தன.

"இதையும் எண்ணிக்கவா சார்?"

பட்டாபிராமன் முகம் மாறியது. காங்கேயத்திலிருந்து தருவித்த ஜோடி அது. பசு செத்த சேதிக்கு அசையாதவர், "ஒரு பீப்பாயை இறக்கு! இதுகளுக்கு உடனே பூசு" என்று கத்தினார்.

"பூசக்கூடாது சார். பாஷாணம். நக்கினா காளை போயிரும். அளவாக் கலந்து தொட்டியில முங்கவிட்டுத்தான் எடுக்கணும். தொட்டி நிறைய அஞ்சு பீப்பாயும் வேணும்."

பீப்பாயில் ஒட்டியிருந்த அச்சுத்தாளிலேயே அது இருந்தது. பிரசிடெண்ட் படித்ததில்லை.

மத்தியானத்துக்குள் தொட்டி நிறைந்தது. முதலில் காளைகள் முங்கி எழுந்தன. அடுத்து அன்னக்கொடியின் மயிலை. பின்னால் சேதி கேட்டு வந்தவர்களின் மாடுகள், வாய்க்கால் வரைக்கும்.

"முன்ஜாக்கிரதையாத் தொட்டி நிரப்பினோம்னு எழுது" என்றார் பட்டாபிராமன்.

"உண்ணியே இல்லாத ஊர்ல மருந்தை ஏன் செலவழிச்சீங்கன்னு கேப்பாங்களே சார்."

அவர் காளைகளைப் பார்த்தார், காலிப் பீப்பாய்களைப் பார்த்தார். "சரி. உள்ளதை எழுதித் தொலை."

இன்னாசிமுத்து எழுதி, உரக்கப் படித்தான்: பொங்கல் கணக்கு தவறு; உண்ணி மிகுதி; பசு ஒன்று சாவு. பட்டாபிராமன் கையெழுத்திட்டார்.

ஈரம் சொட்டும் பசுவைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற அன்னக்கொடி நன்றி சொல்லவில்லை.

"செத்த பசுவுக்குப் பேரு செல்லி. அதையும் எழுதுங்கண்ணே" என்றாள்.