மூன்று நாள் குழம்பு

கிளியூரில் தன் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் கிறிஸ்டோ, வருகிறவர்களிடமெல்லாம் ஒரு கதை அளப்பான்.

"எங்க ஊட்டுல ஆட்டுக்கறிக் கொழம்பு வெச்சா மூணு நாளைக்கு வெளியவே இருக்குங்க. மலைக் காத்துல கெடாது. நாளாக ஆக நொம்ப ருசி."

அந்த மலைக்காற்றின் பெயர் ஃபெபி. அவன் மனைவி. சாப்பாடு முடிந்த கையோடு மீந்த குழம்பைத் தட்டையான டப்பாக்களில் பிரித்து ஊற்றி, சூடு தணிந்ததும் ஃப்ரிட்ஜில் வைப்பாள். மறுநாள் வேண்டியதை மட்டும் எடுத்து, தளதளவெனக் கொதிக்கவிட்டு, மண்சட்டிக்கு மாற்றிக் கொடுப்பாள். அவன் சட்டியைச் சுமந்துபோய்க் காற்றைப் புகழ்வான். நாலு வருடம் சொல்லிச் சொல்லி, அவனே அதை நம்பிவிட்டான்.

போன மே மாதம், அக்கா மகள் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்காக ஃபெபி மஞ்சக்குட்டைக்குக் கிளம்பினாள்.

"ஏனுங்க, கொழம்பு மீந்தா டப்பாவுல பிரிச்சு ஃப்ரிட்ஜுல வெச்சுருங்க. சட்டியோட வுட்டுறாதீங்க."

"எனக்கே பாடமா? நீ பஸ்ஸைப் புடி."

அன்று மீந்த குழம்போடு சட்டி ராத்திரி முழுக்க அடுப்படியிலேயே கிடந்தது. மறுநாள் மதியம் கோயம்புத்தூரிலிருந்து ரம்யாவும் அவள் கணவரும் ஒரு பகலுக்கு அறை எடுத்து வந்தபோது குழம்பின் மேல் நுரை கட்டியிருந்தது. லேசான புளித்த வாடை வேறு. கிறிஸ்டோ அதைப் பக்குவம் என்று எடுத்துக்கொண்டான். கொதிக்கவைத்துப் பரிமாறினான். ரம்யா வீடியோ எடுக்க, முதல் வாயை அவனே சாப்பிட்டுக் காட்டினான்.

சாயங்காலம் குப்பனூர் வழியாக மலை இறங்கிய அந்த இருவரும் வளைவுக்கு வளைவு காரை நிறுத்தினார்கள். இயற்கையை ரசிக்க அல்ல. ஊர் திரும்பிய ஃபெபி, குளியலறை வாசலில் சுருண்டு கிடந்த கணவனை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"நல்லாத்தானே கொதிக்க வெச்சேன்" என்று முனகினான்.

"நாள் முச்சூடும் வெளிய கெடந்த கறியில கிருமி வெசத்தைக் கக்கி வெச்சிருக்கும். கொதிச்சாலும் அது போகாதுங்க" என்றார் டாக்டர்.

அவர் நகர்ந்ததும் கிறிஸ்டோ, "கறிக்கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்றான்.

ஃபெபி அவன் கைப்பேசியை எடுத்தாள். ரம்யாவின் எண்ணை அழுத்தி, அவன் காதில் வைத்தாள்.

"கறி கொஞ்சம் சரியில்லீங்க போல..." என்று இழுத்தான். ஊசி ஏறாத கையை அவள் நறுக்கென்று கிள்ளினாள்.

"ஃப்ரிட்ஜுல வெக்காம வுட்டுட்டனுங்க. என்ர தப்புதானுங்க."