ஆண்கள் பக்கத்து வசனம்

...அதுவும் இந்தச் சங்கீதத்தையா இன்றைக்கு எடுக்க வேண்டும், ஆண்கள் ஒரு வசனம் பெண்கள் ஒரு வசனம் என்று போதகர் பிரித்துவிட்டார், எனக்கு வரவேண்டியதெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. காரணமில்லாமல் பகைக்கிறார்கள், பகைவர் புழுதியாய்ப் பறக்கட்டும் என்பதெல்லாம் ஆண்களுக்கு. நீர் உடன்படிக்கையை மறவாதவர் என்று மெச்சுவது எங்களுக்கு. எழிலரசன் அண்ணன் கோயில் அதிர வாசிக்கிறார், யாரைப் புழுதியாக்க அண்ணே? சூப்பர்வைசரான உங்களைப் பகைத்தது யார்? அது என் வசனம். சுங்குவார்சத்திரத்து வெங்காய மண்டிக்காரர் மகள் நான், தராசுத் தட்டு மாறினால் தூக்கத்திலும் தெரியும்... கைதூக்கி மாற்றிக் கேட்கவா முடியும்?

காலையில் உள்ளே வரும்போதே அண்ணன் என்னைச் செருப்பு விடுமிடத்தில் பிடித்துக்கொண்டார். "இன்னா ஜாஸ்மின், இனியவன் கை எப்டி கீது?" "கீதுண்ணே, மிச்சம் கீது." சிரிப்பதா வேண்டாமா என்று முழித்தார். "கர்த்தர் பாத்துப்பாரும்மா." "அவரு மேலேர்ந்து பாத்தாரு, நீங்க பக்கத்துல நின்னுக்கினு பாத்தீங்க. நாளைக்கி என்கொயரில யார்னா ஒருத்தர் வந்து சொன்னா போதும்ண்ணே." குனிந்து, ஏற்கெனவே நேராக இருந்த செருப்பை நேராக வைத்தார். கை உள்ளே போனால் பிரஸ் மிஷினை நிறுத்துகிற சென்சார், அதை அணைச்சிட்டு ஓட்டுடா, லோடு போகணும் என்றவர் இவர். விரல் போனது என் வீட்டுக்காரர் இனியவனுக்கு. அவனாகத்தான் அணைத்தான் என்கிறது கம்பெனி. நாளை அண்ணன் உண்மையைச் சொன்னால் இனியவன் வேலை நிலைக்கும், அண்ணன் வேலை போகும். இவ்வளவுதான் கணக்கு, இதற்குத் தேவனையே கூப்பிட வேண்டியிருக்கிறது.

கூப்பிட்டால் வருவாரா... உடன்படிக்கை என்றால் என்ன, கைவிடமாட்டேன் என்று கொடுத்த வாக்கு, கொடுத்தவர் பெரிய இடம், அதனால் நம்பி நிற்கிறோம். ஆனால் அதே வாக்கை அண்ணனுக்கும் கொடுத்திருக்கிறாரே? ஒரே மூட்டையை இரண்டு பேருக்குப் பேசி முடித்தால் மண்டியில் சட்டை கிழியும், இவரோ இரண்டு பேரையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து மாறி மாறிப் பாடச் சொல்கிறார், என்ன தைரியம்! எனக்கு முன்வரிசையில் அண்ணனின் மகள்கள், மல்லிகைப்பூ, கல்லூரிப் பை, அதுகளும் என் வசனத்தைத்தான் வாசிக்கின்றன, என்னைவிட நம்பிக்கையாக...

மறுபடி ஆண்கள். பொய் பேசும் வாயைக் கர்த்தர் அடைத்துப்போடட்டும். திடீரென்று சத்தம் இறங்கிவிட்டது, ஏதோ ஒன்று குறைகிறது, எட்டிப் பார்த்தேன். எழிலரசன் அண்ணன் வாய் மூடியிருந்தது. பக்கத்தில் இனியவன் மட்டும் மெல்லிய குரலில் வாசித்துக்கொண்டிருந்தார், கட்டுப்போட்ட கையால் புத்தகம் பிடிக்க முடியாது, பிடித்திருந்தது அண்ணன். பக்கத்தையும் அவரே திருப்பினார், இனியவன் சரி என்பதுபோல் தலையாட்டினார், கம்பெனி லைனில் அண்ணன் சொன்னதற்கெல்லாம் ஆட்டுகிற அதே ஆட்டல். தொண்டைக் கட்டா? உறுத்தலா? கேட்டது உடனே கிடைத்துவிட்டதா, அடைத்தே விட்டீரா ஆண்டவரே... ஐயோ, இது வேண்டாம், இந்த வாய் எனக்கு நாளைக்கு வேண்டும், திறந்த வாயாக வேண்டும். அவரைப் புழுதியாக்கும் என்று கேட்கத் தெரிந்திருக்கிறது, அவருக்குத் தைரியம் கொடும் என்று ஒரு நாளும் கேட்டதில்லையே, அதை எப்படிக் கேட்பது, எந்த வசனத்தில் இருக்கிறது... சுற்றிலும் பெண்கள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள், எங்கே இருக்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை.