பூஜிதா கால் வைக்கிற இடம்

வேடபட்டிப் பள்ளத்தில் ஜீப் இறங்கி ஏறியபோது, முன்சீட்டுக்குக் கீழே துருப்பிடித்துப் பிய்ந்திருந்த ஓட்டை வழியாகச் சேற்றுத் தண்ணீர் விசிறி அடித்தது. பூஜிதாவின் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, வெள்ளை சாக்ஸ், கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைப் பாவாடையின் விளிம்பு எல்லாம் ஒரு நொடியில் செம்மண் நிறமாகிப் போயின. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் மாஸ் டிரில். நான்காம் வகுப்பில் முதல் வரிசையில் நிற்கிறவள் அவள். அவளுடைய அப்பா சென்னகேசவன் வண்டியை ஓரங்கட்டி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் துடைத்தான். துடைக்கத் துடைக்கச் சேறு பரவியது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"நாளையிலிருந்து மாமா ஜீப்புல போயிக்கட்டுங்களா நைனா?"

மாமா என்றால் வெங்கடபதி. சென்னகேசவனின் மனைவி ராமாமணியின் அண்ணன். தொண்டாமுத்தூரில் பக்கத்துத் தோட்டம்தான் அவருடையது. தோட்டத்தோடு ஒரு நூல் மில்லிலும் பங்கு இருந்தது. அந்த ஆடிப்பெருக்குக்குத்தான் புது ஜீப் எடுத்திருந்தார். அவருடைய மகள் ஹர்ஷிணியும் அதே பள்ளிக்கூடம், ஒரு வகுப்பு மேலே. போகிற வண்டி, போகிற பாதை, ஏறிக்கொள்ள வேண்டியதுதான். அவன் வேண்டாம் என்று சொல்லக் காரணமே இல்லை. "போயிக்க கண்ணு" என்றான்.

சென்னகேசவனின் ஜீப் அவன் அப்பா காலத்து வண்டி. யூரியா மூட்டையும், தண்ணீர் தெளித்த தக்காளிப் பெட்டியும், பசுவுக்குத் தவிடும் ஏற்றி ஏற்றி, உப்பும் ஈரமும் அதன் தரையைத் தின்றுவிட்டிருந்தன. ஓட்டையின் மேல் பலகைத் துண்டு வைத்து, பலகையின் மேல் சாக்கு விரித்து, சாக்கின் மேல் பழைய டியூபை வெட்டிப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான்; அன்று அத்தனையும் விலகித்தான் சேறு அடித்தது. வெங்கடபதியின் ஜீப்பிலோ தரை முழுக்கச் சிவப்புக் கார்ப்பெட். அதில் ஏறுகிற யாராக இருந்தாலும், மில் மேனேஜரோ சொந்தக்காரரோ, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

"அது என்ன ஜீப்புங்களா, சாமி ரூமுங்களா?" என்று சென்னகேசவன் ஒருநாள் டீக்கடையில் கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தான். அந்தச் சிரிப்பின் ருசி அன்று சாயங்காலம் வரைக்கும்தான் நின்றது. ஐந்து மணிக்கு அந்த ஜீப் வாசலில் வந்து நின்றது. பூஜிதா ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு குதித்து ஓடி வந்தாள்.

"கார்ப்பெட்டுல கால் வெச்சா, பூன மேல வெச்ச மாதிரியே இருக்குதுங்க நைனா!"

கார்ப்பெட்டைக்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். பொறுக்க முடியாதது வேறு. முன்பெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வந்து சேரும் வரைக்கும் அவள் வாய் ஓயாது. டீச்சரின் கொண்டை அவிழ்ந்தது, பக்கத்துப் பெஞ்சுக்காரி ரப்பரைத் தின்றது, பிரேயரில் மயங்கி விழுந்தவள் கண்ணைத் திறந்து முதலில் பிஸ்கட் கேட்டது. இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொல்வாள். அவனும் கத்திக் கத்தி "அப்பறம்?" என்பான். இப்போது அத்தனையும் அந்தச் சிவப்புக் கார்ப்பெட்டிலேயே கொட்டித் தீர்ந்துபோகிறது. வீட்டுக்கு வந்து சேர்வது காலிப் பைதான். "இன்னைக்கு என்ன கண்ணு நடந்துச்சு?" என்று கேட்டால், "மாமாகிட்டச் சொல்லிட்டேனே நைனா" என்கிறாள், ஒரு கதையை ஒரு நாளைக்கு ஒருவருக்குத்தான் சொல்ல முடியும் என்பது போல. மச்சான் அதைக் கேட்டுத் தொடையில் தட்டிச் சிரிப்பதை அவன் பலமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டது.

தை கழிந்து தக்காளியும் பறித்து விற்ற பிறகு, ஜீப்புக்குத் தரை மாற்றப் போவதாக ராமாமணியிடம் சொன்னான். எதைப் போடுவது என்றுதான் யோசனை.

"ஏனுங்க, ஒரு தரைக்கு இத்தன யோசனையா? எங்கண்ணனக் கேட்டா நல்ல எடமாச் சொல்லுவாரு."

"உங்கண்ணனக் கேட்டுத்தான் நானு மூச்சு உடோணும்."

"மூச்ச நீங்களே உட்டுக்குங்க. தரைக்கு மட்டும் கேளுங்க." அவள் சிரிக்காமல் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவன் கேட்கவில்லை. நேராக உக்கடம் போனான். சீட்டுத் துணி, ரெக்சின், கால்மிதி மேட்டு, தகடு எல்லாம் விற்கிற கடை ஒன்று அங்கே இருந்தது. கல்லாவில் கடைக்காரம்மா உம்மல் குல்சும் உட்கார்ந்திருந்தார். சாமான் விற்கிற வேகத்திலேயே பேச்சும் வரும் அவருக்கு.

"ஜீப்புக்குங்களாண்ணா, காருக்குங்களா?"

"ஜீப்புக்குத்தாங்கம்மா. ஆனா காருக்குப் போடறதக் காட்டுங்க."

சிவப்புக் கார்ப்பெட் ஒன்றை உருட்டி விரித்தார். சென்னகேசவன் உள்ளங்கையால் தடவினான். பூனைதான். மகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். இதில் அவள் கால் வைப்பதை நினைத்துக்கொண்டே "அளந்து வெட்டிருங்க" என்று சொல்ல வாயெடுத்தான்.

"இதே ரோலுலதாண்ணா தொண்டாமுத்தூர்க்காரரு ஒருத்தரு புது வண்டிக்கு வாங்கிட்டுப் போனாரு. மில்லுக்காரரு, வெங்கடபதின்னு. அவரு போக மிச்சம் உங்களுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்குது, பாருங்களேன்."

மிச்சம். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"வேற நெறம் இல்லீங்களா?"

"பச்சை இருக்குது. அழுக்குத் தெரியாது."

"அவரு பச்சையப் பாத்தாருங்களா?"

"பாத்தாரு. நல்லால்லைன்னுட்டாரு."

அவர் நன்றாக இல்லை என்று தள்ளியதை இவன் எப்படி எடுப்பான். "ரப்பரு மேட்டு?"

"மொதல்ல ரப்பருதாண்ணா கேட்டாரு. அப்பறம் மாத்திக்கிட்டாரு."

"தேங்காநார் மேட்டு?"

"அதையும் பெரட்டிப் பெரட்டிப் பாத்தாரு." உம்மல் குல்சும் அளவு டேப்பை மேசையில் வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்ணா, நீங்க தரை வாங்க வந்தீங்களா, அவரு எதத் தொடலைன்னு பாக்க வந்தீங்களா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சென்னகேசவனும் சிரிக்க வேண்டியதாயிற்று. சிரித்துக்கொண்டே, "செரி, அவரு தொடாதது எது?" என்று கேட்டுவிட்டான்.

உம்மல் குல்சும் மூலையைக் காட்டினார். சுவரில் சாய்த்து வைத்த அலுமினியத் தகடுகள். வழுக்காமல் இருக்க மேலே அரிசி அரிசியாகப் புடைப்பு எழுப்பியவை. கதவு வழியாக வந்த வெயில் ஒரு தகட்டில் பட்டு, கூரையில் வெள்ளை வெளிச்சமாக ஆடிக்கொண்டிருந்தது.

"அது பஸ்ஸுப் படிக்கட்டுக்குப் போடறதுண்ணா. ஜீப்புக்குள்ளாற அதப் போயி யாரு..."

"அதையே குடுங்க."

போத்தனூரில் ஜெரோம் பட்டறையில் இரண்டு நாள் வேலை நடந்தது. துருப்பிடித்த தரையை வெட்டி எறிந்து, இரும்புத் தகடு பற்றவைத்து, அதன்மேல் அலுமினியத்தை ரிவிட் அடித்தார்கள். பழைய சாக்கையும் டியூபையும் பலகையையும் சென்னகேசவன் தன் கையாலேயே குப்பையில் போட்டான். ஒரு துண்டுச் சாக்குக்கூட வண்டிக்குள் இருக்கக் கூடாது என்று விளக்குமாறு வாங்கிப் பெருக்கினான். வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் ராமாமணி எட்டிப் பார்த்து, "கண்ணே கூசுதுங்க" என்றாள். பாராட்டுகிறாளா, நையாண்டி செய்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம். இன்றைக்குப் பூஜிதாவை நானே கூட்டி வருகிறேன் என்று மச்சான் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, ஜீப்பின் படுதாவை முழுக்க அவிழ்த்து வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினான். மேலே மறைப்பு இருந்தால் தரை யார் கண்ணுக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு. வெங்கடபதி எப்போதும் அதன் நிழலில்தான் நிறுத்துவார். சென்னகேசவன் நிழலைத் தாண்டி, கேட்டுக்கு நேரே, பங்குனி வெயிலின் நட்ட நடுவில் நிறுத்தினான். சீக்கிரமே வந்துவிட்டதால் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. தரை தகதகவென்று மின்னியது. போகிற வருகிறவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

மணி அடித்து ஹர்ஷிணியும் பூஜிதாவும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். "ஐ, சில்வரு ஜீப்பு!" என்று ஹர்ஷிணி கத்தினாள். பூஜிதா கத்தவில்லை. தரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். சாக்ஸையும் உருவி உள்ளே திணித்தாள். இரண்டு ஷூவையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

'இங்க கழட்ட வேண்டாங் கண்ணு' என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான். மாமாவின் ஜீப்புக்குக் கொடுத்த அதே மரியாதையை என் ஜீப்புக்கும் கொடுக்கிறாள். மரத்தடியில் வெங்கடபதி வண்டியிலிருந்து இறங்கிப் பார்த்துக்கொண்டிருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. சென்னகேசவன் வாயை மூடிக்கொண்டு கியரைப் போட்டான்.

"செரி, சொல்லு கண்ணு. இன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"இன்னைக்கா..." அவள் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தாள். "சயின்ஸ் டீச்சரு ஒரு தவளை கொண்டாந்தாங்க நைனா. பாட்டில்ல போட்டு. அது..." நின்றுவிட்டாள்.

"அது?"

"அது... பாட்டில்ல இருந்துச்சு."

அவ்வளவுதான். வடவள்ளி தாண்டியது. அவள் இரண்டு கால்களையும் தூக்கிச் சீட்டின்மேல் மடித்து வைத்துக்கொண்டதைப் பார்த்தான். அவனுக்குள் சுருக்கென்றது. அந்தக் கார்ப்பெட் பழகிய காலுக்கு இந்தத் தகடு ஆகவில்லை போல. கதையும் அங்கேதான், காலும் அங்கேதான்.

"காலக் கீழ வெச்சு ஒழுக்கமா உக்காரு. உங்க மாமன் ஜீப்புல மட்டும் வெப்பியல்ல?"

அவள் கால்களை இறக்கித் தகட்டில் வைத்தாள். நேராக ரோட்டைப் பார்த்தாள். அவன் வண்டியை விரட்டினான். அவன் காலில் டயர் செருப்பு. தடித்த அடிப்பாகம்.

"அப்பறம் அந்தத் தவளை?" என்று கொஞ்ச தூரம் போய் மறுபடியும் கேட்டான்.

"ஒண்ணுமில்லீங்க நைனா."

வேடபட்டிப் பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது அவள் மடியிலிருந்து பென்சில் டப்பா நழுவிக் கீழே விழுந்தது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுக்கப் போனான். விரல் தகட்டில் பட்டதும் கையை உதறினான். மேலே வெயில், கீழே இஞ்சினும் புகைக்குழாயும். தோசைக்கல். பிரேக்கை மிதித்துவிட்டு மகளைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வழிந்த கண்ணீர் காற்றில் பாதி காய்ந்திருந்தது. இரண்டு பாதங்களும் தகட்டின்மேல், அவன் சொன்ன இடத்தில், ஒழுக்கமாக இருந்தன.

ரோட்டோரத் தோட்டம் ஒன்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடி, தொட்டிச் சுவரில் உட்கார வைத்துக் கால்களைத் தண்ணீருக்குள் விட்டான். உள்ளங்கால் செக்கச் சிவந்திருந்தது. குதிகாலில் கொப்புளம். பெருவிரலுக்குக் கீழே தகட்டின் அரிசிப் புடைப்புகள் வரிசையாகப் பதிந்திருந்தன.

"ஏங்கண்ணு சொல்லல?"

"நீங்கதான கீழ வெக்கச் சொன்னீங்க." அதில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. அதுதான் அவனை உட்கார வைத்தது. அவளுக்குப் பக்கத்தில், ஈரச் சுவரில் உட்கார்ந்தான்.

தண்ணீர் குளிர்ந்து வலி இறங்க இறங்க, அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தானாகவே ஆரம்பித்தாள். "அந்தத் தவளை இருக்குதல்லங்க நைனா, டீச்சரு மூடியத் தொறந்தாங்களா, அது நேரா ஹெட்மிஸ்ட்ரஸ் மடியில போயி..." அவன் "அப்பறம்?" என்றான். இத்தனை மாதம் காத்திருந்த கதை, அவனால் பாதிக்கு மேல் கேட்க முடியவில்லை.

ஹாரன் சத்தம். வெங்கடபதியின் ஜீப் வந்து நின்றது.

"என்னங்க மாப்பிள்ளை, வெள்ளித் தட்டுல ஊர்வலம் போனது அதுக்குள்ள நின்னுபோச்சுங்களா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கியவர், பிள்ளையின் காலைப் பார்த்ததும் சிரிப்பை விட்டார். "அடடா, என்ன அம்மணி இது! வா வா, மாமா வண்டியில ஏறிக்க. ஊட்டுக்குப் போயி மருந்து போட்டுக்கலாம்."

சென்னகேசவன் தன் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தான். கீழே போட ஒரு சாக்கு இல்லை, மேலே படுதா இல்லை. "தொந்தரவுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் காலிலிருந்து தண்ணீர் சொட்டியது. தொட்டியோரத்துச் சேறும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

கதவைத் திறந்த வெங்கடபதி அந்தக் கால்களைப் பார்த்தார். உடனே அவர் கண் கார்ப்பெட்டுக்குப் போயிற்று. ஒரு இமைப்பு நேரம்தான். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் அந்த முகத்தையே மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது தப்பவில்லை. அவன் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குபுக்கென்று பொங்கி எழுந்தது. சந்தோஷம். கையில் பிள்ளை கால் வெந்து கிடக்கும்போது வருகிற சந்தோஷமா இது என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அது அடங்கவில்லை.

"ஹர்ஷி, அந்தப் பேப்பர எடுத்து விரிச்சு வுடு சாமி" என்றார் வெங்கடபதி, யார் முகத்தையும் பார்க்காமல்.

ஹர்ஷிணி பின்சீட்டிலிருந்து எக்கி, அன்றைய பேப்பரை விரித்தாள். காற்று அதைத் தூக்கியது. மறுபடி விரித்தாள். மறுபடியும் தூக்கியது. சென்னகேசவன் மகளைச் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, வண்டிக்கு வெளியே நின்றபடியே அவளுடைய இரண்டு குதிகால்களையும் உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டான், கார்ப்பெட்டுக்கு ஒரு சாண் மேலே. அவன் விரலிடுக்கில் ஒழுகிய தண்ணீர் முழங்கை வரைக்கும் ஓடி ரோட்டில் சொட்டியது.

"இப்பக் கீழ வெக்கட்டுங்களா நைனா?" என்று பூஜிதா கேட்டாள்.

ஹர்ஷிணி பேப்பரின் இரண்டு முனைகளையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவனையே நிமிர்ந்து பார்த்தாள். மற்ற இரண்டு முனைகளும் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. அவன் கையை இன்னும் இறக்கவில்லை.