ஒரு திங்கட்கிழமைப் பொய்

...கழுத்துப் பொத்தானையும் பூட்டிவிட்டான், இனிப் பூட்ட ஒன்றுமில்லை, வெள்ளைச் சேர்ட்டும் தானுமாகப் பரிசளிப்பு விழாவுக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மைக்குக்கு முன்னால் நிற்கிறான் என் அண்ணன் வாகீசன், முப்பத்தாறு வயது, இவனைப் பார்க்க நாற்பது கதிரை போட்டு நாற்பதிலும் ஆட்கள். சனிக்கிழமை பின்னேரம் இவர்களுக்கு வேறு வேலை இல்லையா? தேவாலயத்தின் பேஸ்மென்ற், ஈரக் கோட்டு மணம், பின்மேசையில் மஃபினும் தேத்தண்ணியும், வாசலில் ஒட்டியிருந்த தாளில், மனச்சாட்சியின் பேரில் கட்டாயப் பட்டாளத்தை மறுத்தவர்கள், வருக, வந்து கேளுங்கள்... வந்திருக்கிறார்கள், வெள்ளைத்தலை அம்மாக்கள், தாடி வைத்த மாணவர்கள், மனச்சாட்சி எப்படியிருக்கும் என்று பார்க்க. எனக்கு முன்னால் இருக்கிற பெண் இப்போதே கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துவிட்டாள். இன்னும் கதையே தொடங்கவில்லையம்மா, பொறுங்கோ.

மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு வோபர்னில் இருந்து ஒரு மணித்தியாலம் கார் ஓடி வந்தேன், பார்க்கிங் கிடைக்காமல் மூன்று தரம் சுற்றினேன். இவனுக்கென்ன, சென் ஜேம்ஸ் ரவுணில் பத்தொன்பதாம் மாடி, இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். நீ வரவேணும் பிரதீபா, நீ இல்லாமல் என்னால கதைக்க ஏலாது என்று போனில் சொன்னான். அவனுக்காகவா வந்தேன்? காவலுக்கு வந்தேன். இவன் வாயிலிருந்து என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்... பொய் சொல்லத் தெரியாதவனோடு பிறந்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள், எனக்கு முதல் வந்த சம்பந்தத்துக்குச் சாதகத்தில் ஒரே ஒரு நட்சத்திரத்தை மாற்றிப் பொருந்தச் செய்திருந்தார்கள், மாப்பிள்ளையின் தகப்பன் சும்மா ஒரு பேச்சுக்கு, எல்லாம் சரிதானே தம்பி என்று கேட்க, இவன் இல்லை அங்கிள், சாதகம் திருத்தினது என்றான். தேத்தண்ணி குடித்த கப்பைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போனார்கள். இவன் வீடு முழுக்கக் கரப்பொத்தான், அதையும் கொல்லமாட்டான், கடதாசியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே நடையில் விடுவான், அது அவனுக்கு முன்னமே திரும்பி வந்துவிடும். மகாத்மா.

தொடங்கிவிட்டான். இவனுடைய இங்கிலீசில் எல்லாம் இப்போதுதான் நடக்கும், அவர்கள் வருகிறார்கள், நான் மாட்டேன் என்கிறேன், அவர்கள் அடிக்கிறார்கள்... பதினேழு வருடமாகிறது, இவன் வாயில் இன்னும் அடிக்கிறார்கள். சபை மூச்சுவிடாமல் கேட்கிறது. இவனுக்கு முன்னால் பேசிய கொரியாக்காரப் பெடியன், அவர்கள் நாட்டில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் பட்டாளத்துக்குப் போகவேண்டுமாம், மாட்டேன் என்று ஒன்றரை வருடம் மறியலில், சிறைக்குள்ளே, இருந்தானாம், அவன் முதல் வரிசையில் முழங்காலில் கையை வைத்து இவனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒன்றரை வருடம். அவன் அவனுடைய மறியலில் அவனே இருந்தான், அந்த மட்டில் மரியாதை உண்டு. எங்களுடையவர் என்ன செய்தார் என்று கேளுங்கோ... இல்லை, கேட்காதேங்கோ, தயவுசெய்து ஒருவரும் கேட்காதேங்கோ.

வியாழக்கிழமை வந்தார்கள். வன்னியில் 2008 முடிகிற நேரம், வீட்டுக்கு ஓராள் இயக்கத்துக்கு, அதுதான் சட்டம், எங்கள் வீட்டில் அம்மா, இவன், நான். இவனுக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினேழு. இரண்டு ஆண்கள், ஒரு பெண், கையில் கொப்பி, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த மாதம் ஊரே பொய் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்துக் காணி செல்வரட்ணம் மாஸ்ரர் ஒரே இரவில் மகளுக்கு மஞ்சள் கயிறு கட்டுவித்தார், கலியாணம் கட்டினவர்களை எடுப்பதில்லை என்று அப்போது கதை, அவருடைய மகனுக்கு மண்டை சரியில்லை என்று கடிதம் எழுதி வைத்திருந்தார், அவர்கள் வரும்போது அவன் கிணற்றடியில் நின்று சிரிக்கவேண்டும், சிரித்தான், தப்பினான். எங்களுக்கு அதைவிடச் சுகமான பொய் இருந்தது. சனிக்கிழமை இரவு சாமான் ஏற்ற உழவு மெசின் பேசியாயிற்று, ஊரோடு இடம்பெயரப் போகிறோம், ஆகவே, திங்கட்கிழமை நானே வாறன் அண்ணை, அம்மாவுக்கு ஒருக்கால் விறகு கொத்திக் குடுத்திட்டு வாறன்... இவ்வளவுதான், நாலு விநாடி. எத்தனையோ வீட்டில் அப்படிச் சொன்னார்கள், திங்கட்கிழமை வந்து பார்க்க அடுப்புக் கல்லுத்தான் இருக்கும். அம்மா பின்னால் நின்று இவன் முதுகில் இடித்தாள். "சொல்லு மோனை, திங்கக்கிழமை வாறன் எண்டு சொல்லு." அவர்களுக்கும் கேட்டிருக்கும், அவர்களுக்கே களைப்பு, அந்தப் பொய்யை எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். இவன் திரும்பி, "நான் வரமாட்டன் அம்மா, பிறகேன் வாறன் எண்டு சொல்லவேணும்?" என்றான். பிறகு அவர்களைப் பார்த்து, "ஒரு தாய் பெத்த பிள்ளையை நான் சுடமாட்டன்," என்றான். குரல் உயரவில்லை, கை நடுங்கவில்லை, ஏதோ கடையில் சீனி இல்லை என்று சொல்கிறவன் மாதிரி. அடித்தார்கள், இடது காது இன்றைக்கும் கேட்காது, விழுந்த இடத்திலிருந்து பிறகும் மாட்டன் என்றான். இவன் சரிவரான் என்று போனார்கள். வெள்ளிக்கிழமை காலை பொதுக்கிணற்றில் தண்ணீர் அள்ளப் போன என்னை, வாளியை அங்கேயே வைத்துவிட்டு வரச்சொன்னார்கள்.

அந்த வெள்ளிக்கிழமையை இவன் சொல்லவில்லை. வியாழக்கிழமையோடு நிறுத்திவிட்டான், அடுத்த வசனத்தில் முகாம், கம்பி, அதற்கடுத்ததில் கனடா. நல்லது. அந்தத் தாய் பெத்த பிள்ளை வசனத்தையும் சொல்லவில்லையே... அதுதானே இவன் கதையின் உச்சம், கைக்குட்டைக்காரி அதற்காகத்தானே காத்திருக்கிறாள், மறந்துவிட்டானாக்கும், பெரிய பேச்சாளன். எனக்கு மறக்கவில்லை. மறக்க முடியாதபடி பாடமாக்கினேன், மூன்று கிழமை, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால். ஸ்காபரோவில் மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் அகதிக் கேஸ் எழுதிக்கொடுத்த அருள்நாயகம் அங்கிள் நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனையை மூடினார். "பிள்ளை, இயக்கத்தில இருந்தனீர் எண்டு எழுதினால் திருப்பி ஏத்திப்போடுவாங்கள்." பிடிச்சுக்கொண்டெல்லோ போனவை அங்கிள் என்றேன். "பிடிச்சுக்கொண்டு போனாலும் துவக்குத் தூக்கினதுதான். அவையளுக்கு இரண்டும் ஒண்டு. வீட்டில ஆரும் மாட்டன் எண்டு நிண்டவையோ?" அண்ணா நிண்டவர். "பிறகென்ன? அந்தக் கதையை நீர் எடும்." எடுத்தேன். விசாரணையில் நான் அண்ணாவாக இருந்தேன், வியாழக்கிழமை என்னிடம் வந்தார்கள், நான் மாட்டன் என்றேன், அந்த வசனத்தைச் சொல்லும்போது எனக்கே அழுகை வந்தது, விசாரித்த பெண் ரிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டாள். ஏற்றுக்கொண்டார்கள். அரசாங்கத்தின் கோப்பில் மனச்சாட்சி உள்ளவள் நான்தான்.

உண்மையில் நான் சுட்டேன். தலைமயிரை வெட்டி, பத்து நாள் பழக்கி, மண் அணைக்குப் பின்னால் விட்டார்கள், எதிரே இருட்டில் ஏதோ அசைந்தது, எல்லோரும் சுட்டார்கள், நானும். யாருக்குப் பட்டது, பட்டதா, அவனுடைய தாய் எந்த ஊர்... தெரியாது. கணவன் கிருபனுக்கும் இது தெரியாது. மகளுக்கு, தோளில் இருக்கிற தழும்பு செல் துண்டு பட்டது, அவ்வளவுதான். இந்த நாட்டில் மறுத்தவனுக்கு மைக் கொடுப்பார்கள், மறுக்க முடியாமல் இழுத்துப் போகப்பட்டவள் வாயை மூடிக்கொண்டு பின்வரிசையில் இருக்கவேண்டும், திறந்தால் குடியுரிமையே போகலாம். மடியில் கனம், வழியில் பயம். 2012இல் இவன் வந்து சேர்ந்த அன்றைக்கே என் கோப்பில் என்ன இருக்கிறது என்று சொன்னேன், தன் கதையைக் களவெடுத்ததற்குத் திட்டுவான் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "ஆரும் கேட்காட்டில் நான் சொல்லமாட்டன். கேட்டால் என்னால பொய் சொல்ல ஏலாது தங்கச்சி," என்றான். அன்றிலிருந்து இவன் போகிற இடமெல்லாம் யாரும் கேட்டுவிடுவார்களோ என்று... கலியாணவீடு, செத்தவீடு, எங்கே நின்றாலும் ஒரு காதை இவன் பக்கம் வைத்திருக்கிறேன். என்னைக் கிணற்றடியில் கொடுத்துவிட்டுத் தன் வாயைச் சுத்தமாக வைத்துக்கொண்டவன். இவனை நான் வெறுக்கிறேனா? வெறுப்புக்கூட இல்லை, வெறுப்பு கொஞ்சம் மரியாதையான சாமான். பார்த்தால் சிரிப்பு வருகிறது, அவ்வளவுதான்.

கைதட்டுகிறார்கள். முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்... இல்லை, கேள்வி நேரமாம். ஒரு அம்மா, இப்போது கெட்ட கனவு வருகிறதா என்று கேட்டாள், வருகிறது என்றான். இன்னொருவர் மரக்கறி சாப்பாடு பற்றிக் கேட்டார். நல்ல கேள்விகள், இப்படியே கேளுங்கோ. பிறகு அந்தக் கொரியாக்காரப் பெடியன் கையை உயர்த்தினான், மெதுவாக, எனக்கு அவன் வாயைத் திறக்க முன்னமே தெரிந்துவிட்டது. உங்களுக்குப் பதிலாக யாரையாவது கொண்டுபோனார்களா? மன்னிக்கவேண்டும், என்னிடம் ஊரில் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள், நீ போகாவிட்டால் உன் இடத்தில் யார் நிற்பது என்று, அதனால் கேட்கிறேன்.

கரையில் ஒரு பெட்டை போனை உயர்த்திப் பிடித்துப் பதிந்துகொண்டிருக்கிறாள். எழும்பி ஓடலாமா? ஓடினால் எல்லோரும் பார்ப்பார்கள். நெருப்புமணியை இழுக்கலாமா? இவன் நிலத்தைப் பார்க்கிறான், எனக்கு அந்த முகம் தெரியும், சாதகம் திருத்தினது என்று சொல்லமுன் வைத்திருந்த முகம். சொல்லப்போகிறான். பதினேழு வருடத்துக்குப் பிறகு இரண்டாம் தரம் என்னைக் கிணற்றடிக்கு அனுப்பப்போகிறான்... சொல்லித் தொலை. ஓமடா, சொல்லு, தங்கச்சியைக் கொண்டுபோனார்கள், நான் சுத்தமாக நின்றேன், அவள் துவக்குத் தூக்கினாள் என்று இவர்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்லு. என்ன இது, நான் பயப்படுகிறேனா, காத்துக்கொண்டிருக்கிறேனா?

என் தங்கச்சி, என்றான். தங்கச்சியைத் தேடியும் வருகிறார்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவளும் மாட்டேன் என்கிறாள். பிறகு தமிழில், யாருக்கும் விளங்காது என்று தெரிந்தும், "ஒரு தாய் பெத்த பிள்ளையை நான் சுடமாட்டன். அவதான் சொன்னவ," என்றான். அதை இங்கிலீசிலும் சொன்னான். அதோ இருக்கிறாள் என்று கையைக் காட்டினான்.

நாற்பது தலையும் திரும்பின. கைக்குட்டைக்காரி எழும்பி நின்று கைதட்டினாள், மற்றவர்களும் எழும்பினார்கள், எனக்கு இருப்பதா எழும்புவதா என்று தெரியாமல் பாதி எழும்பித் திரும்ப இருந்தேன். கொரியாக்காரப் பெடியனும் கைதட்டினான், ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு. தப்பிவிட்டேன், மகள் தப்பிவிட்டாள், கோப்பும் பதிவும் ஒன்றாகப் பொருந்திவிட்டன, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்று அருள்நாயகம் அங்கிள் அடிக்கடி சொல்வார், இவ்வளவு பொருத்தமாக அவரே எழுதியிருக்கமாட்டார். அந்த வசனத்தை இவன் மறக்கவில்லை, எனக்கென்று விட்டுவிட்டான், தன் வாழ்க்கையில் இவன் சொன்ன ஒரே நல்ல வசனம். அழவேண்டும் போல இருந்திருக்கவேண்டும். எனக்கு வந்தது கோபம். எவ்வளவு லேசாக வந்துவிட்டது இவனுக்கு. நாலு விநாடி. அப்படியென்றால் இது இவனுக்குள் இருந்திருக்கிறது, பொய் சொல்லத் தெரியாதவன், ஏலாதவன், அப்படிப் பிறந்துவிட்டான், என்ன செய்வது என்று பதினேழு வருடமாக நினைத்து நான் இவனைச் சிரித்துத் தள்ளிக்கொண்டு வந்தேன்... ஏலுமென்றால்? ஏலுமாயிருந்தும் அன்றைக்குச் சொல்லவில்லை என்றால்?

இரண்டு கடதாசிக் கப்பில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு கதிரைகளுக்கு இடையால் வந்தான். "அப்பிடித்தானே எழுதிக் கிடக்கு?" என்று மெல்லிய குரலில் கேட்டான். கை நடுங்கித் தேத்தண்ணி அந்த வெள்ளைச் சேர்ட்டின் கையில் சிந்தியது, அவன் கவனிக்கவில்லை. நான் கப்பை வாங்கினேன். அந்த வியாழக்கிழமை ஏலாமல்தான் இருந்ததா, இல்லை உனக்குச் சொல்ல மனமில்லையா, ஒரு வார்த்தையில் கேட்டுவிடலாம், வாய்வரைக்கும் வந்தது. நேற்றுக் கேட்டிருந்தால், அவன் என்ன சொன்னாலும் அதுதான் நடந்தது என்று எடுத்துக்கொண்டிருப்பேன், உலகத்தில் அப்படி எனக்கு ஒரே ஒரு ஆள் இருந்தான். இனிக் கேட்டால், அவன் சொல்வது உண்மையா, எனக்காகச் சொல்கிற பொய்யா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. "சேர்ட்டைத் துடை," என்றேன்.