கண்ணாடிக்கு அடியில் ஓர் அழைப்பு

கடை மேசையின் கண்ணாடிக்கு அடியில் அத்தா அந்தக் கடிதத்தை உறையோடு வைத்துவிட்டார். காஜா பெராங் தெருவில் உப்புக்கும் புளிக்கும் வருகிற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரி. உறையில் தாமரை முத்திரை. உள்ளே ஆங்கிலத்தில், 'செல்வி ஹஸீனா, உங்களைப் போன்ற சிறந்த மாணவியை வரவேற்க எங்கள் கல்லூரி காத்திருக்கிறது.' நான் அதைத் தமிழில் சொன்னபோது அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. “கடல் தாண்டி எம்புள்ள பேரு தெரிஞ்சிருக்கு பாத்தீங்களா?” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

அந்தக் கடிதம்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அத்தாவின் அக்காள் நஜ்முன்னிசா மாமிக்குப் பெண்டஹாரா சாலையில் ஜவுளிக்கடை. தன் மகன் சிஹாபுதீனுக்கு என்னைக் கேட்டு நடையாய் நடந்தார். சிஹாபுதீன் மச்சான் கெட்டவர் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுவார், நேரத்துக்குத் தூங்குவார், வேறொன்றும் அவருக்கு வேண்டாம். அந்த வீட்டுக்குப் போனால் நானும் அப்படியே ஆகிவிடுவேன் என்று பயந்தேன். அக்காள் பேச்சை அத்தா தட்டியதே கிடையாது. இந்த முறை மட்டும், “பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க லாத்தா, வேணாம்னு எப்படி எழுதுறது?” என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளியில் கோகிலா ஓர் உறையைக் காட்டினாள். அதே தாமரை.

“ஒனக்கும் வந்துச்சா? ஹெட்மிஸ்ட்ரஸ் நம்ம கிளாஸ் பேரெல்லாம் குடுத்தாங்களாம். எல்லாருக்கும் வருதுடி!”

எனக்குப் பகீரென்றது. பெருமை போனதற்காக இல்லை. எங்கள் தெருக் கடிதங்கள் எல்லாம் அத்தாவின் கடையில்தான் இறங்கும். தபால்காரர் பிச்சை வீடு வீடாக ஏற மாட்டார். தபால் கட்டை அத்தாவின் மேசைமேல் போட்டுவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். எங்கள் தெருவில் என் வகுப்புப் பெண்கள் இன்னும் இருவர் இருந்தார்கள்.

பள்ளி விட்டதும் ஓடினேன். கடை வாசலில் மாமியின் செருப்பு கிடந்தது. மேசைமேல் பச்சைத் துணி மூடிய பித்தளைத் தட்டு. உள்ளே சீனி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பெண்ணின் தகப்பன் அந்தச் சீனியைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் நாள் குறிப்பதுதான் பாக்கி. திரைக்குப் பின்னால் நின்று அம்மா என்னை உள்ளே வரச்சொல்லிக் கையைக் காட்டினார். நான் அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே நின்று தெருவைப் பார்த்தேன்.

“என்னடி வாசல்ல பராக்கு?” என்றார் மாமி.

“தபால் வருதான்னு பாக்குறேன் மாமி.”

“இன்னொரு காலேஜும் கூப்பிடுதோ?” வெளியே சுதந்திர நாளுக்குக் கொடித்தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். “மெர்டேக்கா நாட்டுக்குத்தான். வீட்டுப் பொம்பளப் புள்ளைக்கு யாரும் குடுக்கல.”

பத்திக்கொண்டு வந்தது எனக்கு. பல்லைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் சைக்கிள் மணி கேட்டது.

பாய்ந்து போய்க் கையை நீட்டினேன். பிச்சை, செட்டிக் கம்போங் என்ற கிராமத்துக்காரர். பெயர் தமிழ், பேச்சு மலாய். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து, என் கையை விலக்கிவிட்டுத் தபால் கட்டை நேராகக் கண்ணாடிமேல் வைத்தார். மேலே இரண்டு தாமரை உறைகள்.

“லாகி டுவா,” என்றார், இன்னும் இரண்டு என்று. கண்ணாடிக்கு அடியில் இருந்ததையும் விரலால் காட்டினார். “சாமா! செமுவா சாமா!” எல்லாம் ஒன்றுதானாம். அவருக்கு அது வேடிக்கை. தேத்தண்ணி கேட்டு உள்ளே பார்த்தார். யாரும் அசையவில்லை என்றதும் போய்விட்டார்.

மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. தாமரை தெரிந்தது. புது உறைகளைப் பழைய உறைக்கு நேர்மேலே நிதானமாக எடுத்து வைத்தார்.

“பாத்துக்க தம்பி. தெருவுக்கே வந்திருக்கு. ஒம்மவளத் தனியா யாரும் கூப்பிடல.” பச்சைத் துணியை விலக்கினார். “சீனியத் தொடு.”

அத்தாவின் முகம் சிறுத்துப் போயிற்று. தெருவெல்லாம் சொல்லிப் பூரித்த மனிதர். என்னைப் பார்க்காமலே வலது கையைத் தட்டுப் பக்கம் கொண்டுபோனார்.

“ஆமா அத்தா,” என்றேன். “எல்லாருக்கும்தான் வந்திருக்கு. அவங்க என்னத் தனியாத் தேடல. எனக்குத்தான் அங்க போய்ப் படிக்கணும்.”

திரைக்குப் பின்னால் அம்மா “அல்லாவே” என்றார். அத்தாவின் கை பாதியில் நின்றது.

“இந்த ஆசைய ஏன் இத்தன நாளாச் சொல்லல?”

“சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?”

யோசித்தார். “மாட்டேன்,” என்றார். பொய் சொல்லத் தெரியாது அவருக்கு.

“அப்புறம் என்ன? தொடு,” என்றார் மாமி.

அத்தா சீனியைப் பார்த்தார். பிறகு பச்சைத் துணியை எடுத்து, ஓரம் விடாமல் தட்டை மூடி, இரண்டு கையாலும் மாமி பக்கம் நகர்த்தினார்.

“பெருநாளைக்கு நம்ம கடை நோட்டீஸும் ஊருக்கெல்லாம்தானே போடுறோம் லாத்தா. வாசல்ல வந்து நிக்கிறவங்கள, ஒன்னத் தனியாக் கூப்பிடலன்னு தொரத்துறோமா?”

மாமி எழுந்தார். தட்டை எடுத்துக்கொண்டு போனார். செருப்பை மாட்ட வெகுநேரம் ஆயிற்று. அத்தா அக்காளைத் தடுக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

அப்புறம் கண்ணாடியைத் தூக்கி, என் கடிதத்தை உருவி நீட்டினார். ஓரத்தில் மிளகாய்த்தூள் ஒட்டியிருந்தது.

“எழுது,” என்றார். “கூப்பிட்டீங்க, வர்றேன்னு எழுது.”